கோல்ஃப்: டிரைவர் வேகத்தைக் கூட்டுவதா, பந்தை நடுவில் படவைப்பதா?

மெரினாக்காற்று:
ஹேண்டிகேப் 18, அதாவது நடுத்தர ஆட்டம்தான். அடியை அளக்கும் லாஞ்ச் மானிட்டரில் பார்த்தேன்: டிரைவர் (தூரமாக அடிக்கும் கிளப்) வேகம் மணிக்கு 93 மைல், ஸ்மாஷ் (அடி எவ்வளவு சுத்தம் என்று காட்டும் எண்) 1.35. எடை மாட்டிய குச்சியை வீசிப் பழகு, வேகம் தானாக ஏறும் என்கிறார் கூட ஆடும் நண்பர். கோச்சோ, முதலில் பந்து கிளப் முகத்தின் நடுவில் படட்டும், வேகம் அப்புறம் என்கிறார். ஆபீஸ் முடிந்து ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) போகக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். எதில் போடலாம்?

பெருவீச்சு:
வேகத்தில் போடுங்க. மேட் ஃபிட்ஸ்பாட்ரிக் பந்தைச் சுத்தமாக அடிப்பதில் முன்னாடியே பேர் வாங்கியவர், குறை தூரம்தான். எடைக்குச்சிப் பயிற்சியில் வேகத்தைக் கூட்டினார், 2022இல் யு.எஸ். ஓபன் கையில். அதற்கு முன் 2020 யு.எஸ். ஓபன், விங்ட் ஃபுட் மைதானம்: பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேயில் (வெட்டிய புல் பாதை) பந்தை நிறுத்தியது 23இல்தான். இருந்தும் 6 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். மற்றவர்கள் நீள அயர்ன் (தூர அடிக்கான இரும்புக் கிளப்) எடுக்கிற இடத்தில் உங்க கையில் வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான கிளப்) இருந்தால், பந்து ரஃப்பில் (உயரப் புல்லில்) கிடந்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

நேர்ப்பந்து:
ஃபிட்ஸ்பாட்ரிக்கை உங்க கட்சியில் சேர்க்காதீங்க சார். அந்த யு.எஸ். ஓபன் கடைசி நாளில் 18 கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல் திட்டு) 17ஐப் பிடித்தார். கடைசி ஹோலில் டிரைவ் இடது பக்க மணல் பங்கருக்குள் போய்விட்டது. அங்கிருந்து 9 அயர்ன், நேராக கிரீன். கிளப் துளி முன்னால் மணலைத் தொட்டிருந்தால் பந்து பாதி வழியில் விழுந்திருக்கும். கோப்பையை வாங்கிக் கொடுத்தது அந்த அடி.

கேள்வி கேட்டவருக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஸ்மாஷ் என்பது பந்தின் வேகத்தை கிளப் வேகத்தால் வகுத்தால் வருவது. 93 மைல், 1.35 என்றால் பந்து 125.6 மைலில் போகும். குச்சியை வீசி 98 ஆக்கினாலும், அடி மாறாவிட்டால் 132.3. அதே 93இல் ஸ்மாஷை மட்டும் 1.45க்குக் கொண்டுவந்தால் 134.9! ஐந்து மைல் ஏற்ற எவ்வளவு பாடு என்று குச்சி வீசியவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. எல்பிஜிஏ தொடரில் ஆடும் தொழில்முறைப் பெண்களின் சராசரி டிரைவர் வேகம் ட்ராக்மேன் மானிட்டர் கணக்கில் சுமார் 94 மைல், ஏறத்தாழ உங்க வேகமேதான். பந்து காற்றிலேயே 220 யார்டை ஒட்டிப் போகிறது. நடுவில் படுகிறது, அதோடு சுமார் 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் டிரைவரையும் அயர்ன் மாதிரி கீழ்நோக்கி வெட்டுகிறோம்.

பெருவீச்சு:
கணக்கு சரி. ஆனால் ஸ்மாஷ் 1.5ஐ ஒட்டி நின்றுவிடும். கிளப் முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு விதியிலேயே வரம்பு இருக்கு. 1.45 வந்த பிறகு எங்கே போவீங்க? நிதானமாகவே வீசி வீசி உடம்பு அந்த வேகத்துக்குப் பழகிவிட்டால், வயது ஏறிய பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம். குச்சிப் பயிற்சி ஆரம்பித்த பிறகு ஊட்டியில் ஆடினேன். டிரைவர் தெளிவாக 15 யார்டு கூடியிருந்தது.

நீலகிரிப்புல்:
தம்பி, ஊட்டிக் கணக்கைத் தனியா வை. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், காற்று லேசு. சென்னையில் 200 யார்டு போகிற பந்து அங்கே எதுவும் செய்யாமலே 215ஐத் தொடும். குச்சியால் கூடியதா என்று சென்னையில் அடித்துப் பார்த்துச் சொல்.

மெரினா தம்பிக்கு ஒன்று: ரேஞ்ச் மேட்டை (செயற்கைப் புல் விரிப்பை) நம்பாதீங்க. பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னால் இடித்தாலும் கிளப் மேட் மேல் வழுக்கிப் பந்தை எடுத்துவிடும், நமக்கு நல்ல அடி மாதிரியே இருக்கும். புல்லில் அதே அடி மண்ணில் புதையும். அயர்ன் அடிக்கும்போது பந்துக்கு நாலு விரல்கடை பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்க. துண்டைத் தொடாமல் பந்தை எடுக்கணும்.

டிரைவருக்கு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தில் ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் தீட்டி, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்க்கிற மாதிரி டீயில் (பந்தை நிறுத்தும் சின்ன முளையில்) வையுங்க. அடித்ததும் கிளப் முகத்தில் கறை ஒட்டியிருக்கும். பந்து எங்கே போச்சு என்று பார்க்கும் முன்னால் கறையைப் பாருங்க. நேராகப் போன பந்துகூட முனையில் பட்டுப் போயிருக்கும்! துடைத்துவிட்டு அடுத்தது.

பெருவீச்சு:
ஊட்டி விஷயம் ஒத்துக்கிறேன் அண்ணே, அதை வாதத்தில் சேர்க்கல. ஆனால் கறை பார்த்து அடிக்கிறவர் எல்லாரும் பயந்து பயந்து பாதி வேகத்தில் வீசுறாங்க. அங்கே நடுவில் பட்டு, கோர்ஸில் முழு வேகத்தில் வீசினால் பழைய கதைதான். ரேஞ்சுக்குப் போனதும், உடம்பு நல்லா சூடான பிறகு முதல் பத்து நிமிஷம் பந்து இல்லாமல் முழு பலத்தில் வீசணும். நூறு பந்து அடித்துக் களைத்த பிறகு வீசினால் வேகம் ஏறாது, முதுகுதான் பிடிக்கும்.

நேர்ப்பந்து:
பந்து இல்லாமல் என்றால் எனக்கும் சம்மதம். பந்தை வைத்து முழு பலத்தில் வீசுவதைத்தான் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். கிளப் முகம் திறந்தபடி வருகிற ஸ்விங்கில் வேகத்தைக் கூட்டினால் ஸ்லைஸ் (பக்கவாட்டில் வளைகிற அடி) இன்னும் வெளியே போய் பக்கத்து ஹோலில் விழும். 1.45 வரட்டும், அப்புறம் வேகம்.

பெருவீச்சு:
1.45 வரும்வரை காத்திருந்தால் பல பேர் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கணும். ரெண்டையும் சேர்த்தே நடத்தணும் என்பதில் நான் மாறல.

மெரினாக்காற்று:
இன்று மார்க்கர் போட்டுப் பார்த்தேன். கறை முக்கால்வாசி ஹீல் பக்கமே (கிளப் முகத்தில் தண்டை ஒட்டிய ஓரம்) விழுகிறது. இதற்கு என்ன செய்ய?

நீலகிரிப்புல்:
கீழே வரும்போது எடை குதிகாலிலிருந்து விரல் பக்கம் சாய்ந்து, கை வெளியே தள்ளிப் போகுது. டீயில் இருக்கிற பந்துக்கு அந்தப் பக்கம், அதாவது உங்களுக்குத் தூரமான பக்கம், ரெண்டு விரல் இடைவெளி விட்டு காலி பந்து டப்பா ஒன்றை வையுங்க. டப்பாவை இடிக்காமல் பந்தை அடியுங்க. முதலில் முக்கால் வேகம். டப்பா அசையாமல் நிற்க ஆரம்பித்ததும் முழு வேகம். அந்த முழு வேகத்தில் மானிட்டர் என்ன ஸ்மாஷ் காட்டுது என்று இங்கே போடுங்க.