கவாத்து செய்த குச்சிகளை என்ன செய்வது? எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

அண்ணன்: (படம்) தோட்டத்தில் கவாத்து முடிந்தது. காகிதப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை மூன்றையும் இடுப்பு உயரத்துக்குக் குறைத்துவிட்டேன். வெட்டிய கிளைகள் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. மட்கப் போட்டுவிடலாமா?

பெரியம்மா: ஐயோ வேண்டாம்டா. அந்தக் குவியலில் ஒரு தோட்டமே இருக்கிறது. குச்சியாக வெட்டி நட்டால் புதுச் செடி வரும். முதலில் ஓர் ஈரச் சாக்கை மேலே போட்டு நிழலுக்கு இழு. குச்சி காய்ந்துவிட்டால் அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

அண்ணன்: மூடிவிட்டேன் பெரியம்மா. எதை எடுப்பது? நுனிப் பக்கம் பச்சையாக, தளதளவென்று இருக்கிறது. அதுதானே சீக்கிரம் வளரும்?

பெரியம்மா: நுனியை விட்டுவிடு. வளைத்தால் வளைகிறதே, அது இளந்தண்டு. வேர் வருவதற்குள் வாடிவிடும். முற்றிய குச்சியாகப் பார்த்து எடு. போன பருவத்தில் வளர்ந்து, பச்சை மாறிப் பட்டை பழுப்பாகி, வளைத்தால் விறைப்பாக நிற்க வேண்டும். பென்சில் தடிமன் போதும். செடிக்கு உள்ளே நிழலில் நோஞ்சானாக வளர்ந்ததையும், கணுவுக்குக் கணு தூரமாக ஒரே ஓட்டமாக நீண்டதையும் தள்ளிவிடு.

நான்: முற்றியதில் அப்படி என்ன இருக்கிறது பெரியம்மா?

பெரியம்மா: மாவுச்சத்து. இலை போய்விட்டது, வேர் இன்னும் வரவில்லை. நடுவில் வாரக்கணக்கில் அந்தக் குச்சி தன் கையிருப்பை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். இளந்தண்டில் அந்தக் கையிருப்பு கிடையாது. முருங்கை, கிளுவை எல்லாம் போத்து, அதாவது முற்றிய கிளைத்துண்டு, நட்டால் பிழைப்பதும் இதனால்தான்.

சித்தி: அக்கா, இங்கே குளிர் நாட்டில் இலை முழுக்க உதிர்ந்த பிறகுதான் குச்சி எடுப்போம். திராட்சை, அத்தி, புதர் ரோஜா எல்லாம் அப்போது உறக்கத்தில் இருக்கும். தோட்ட மண்ணிலேயே ஒரு சின்ன வாய்க்கால் போலத் தோண்டி, அடியில் மணல் தூவி, வரிசையாகச் சொருகி மண்ணை மிதித்துவிட்டால் போதும். அடுத்த இலையுதிர் காலம் வரை யாரும் தொட மாட்டார்கள்.

நான்: ஒரு வருடமா!

சித்தி: ஆமாம். குளிரில் எல்லாமே நிதானம்தான். குச்சி தன் பாட்டுக்கு இருக்கும்.

பெரியம்மா: வெப்பமான இடங்களில் செடி அப்படி முழுசாக உறங்காது. அதனால் பூத்து ஓய்ந்து, அடுத்த துளிர் கிளம்புவதற்கு முன் இருக்கும் இடைவெளியில் எடுத்தால் நல்லது. கிளையில் பூ குலுங்கும்போது எடுத்தால் அதன் சக்தி பூவுக்குப் போய்க்கொண்டிருக்கும். மொட்டு இருந்தால் கிள்ளிவிடு.

அண்ணன்: சரி, நீளம்?

பெரியம்மா: 15 முதல் 20 செ.மீ. நான்கைந்து கணுவாவது இருக்க வேண்டும். அடிப்பக்கம் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டு. மேல்பக்கம் ஒரு கணுவுக்கு மேலே ஒரு செ.மீ. விட்டுச் சாய்வாக வெட்டு. சாய்வில் தண்ணீர் தங்காது. தலை எது, கால் எது என்றும் பார்த்தவுடன் தெரியும்.

மாமா: அக்கா, நான் அடியைத்தானே சாய்வாக வெட்டுவேன்? மண்ணில் சொருகச் சுலபமாக இருக்கும்.

பெரியம்மா: அதுவும் சரிதான்பா. எப்படி வெட்டினாலும் எல்லாக் குச்சிக்கும் ஒரே மாதிரி வெட்டு, அவ்வளவுதான். இலையெல்லாம் உரித்த பிறகு பாதிக் குச்சியில் தலைகால் தெரியாது. தலைகீழாக நட்டால் வீண்.

தம்பி: தலைகீழாக நட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கமும் கணு இருக்கிறதே?

பெரியம்மா: நல்ல கேள்வி. செடிக்குள் ஆக்ஸின் என்று ஒரு வளர்ச்சிப் பொருள் உண்டு. நுனியிலும் மொட்டிலும் உண்டாகி, தண்டு வழியாக அடியை நோக்கி இறங்கும். நீ குச்சியைத் திருப்பிப் பிடித்தாலும் அது பழைய ‘அடி’யைத்தான் தேடிப் போகும். அங்கே சேரச் சேர வேர் கிளம்பும். தலைகீழாக நட்டால் அந்த முனை காற்றில் நிற்கும், மண்ணுக்குள் இருக்கும் முனையில் வேருக்கான தூண்டுதல் இருக்காது. வேர் ஊக்கிப் பொடி என்று விற்பதும் இதே வகைதான். பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐபிஏ.

மாமா: அந்தப் பொடி கட்டாயம் வேண்டுமா?

பெரியம்மா: செம்பருத்திக்கும் அத்திக்கும் இல்லாமலே வரும். காகிதப்பூவுக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். முற்றிய குச்சிக்கான பொடியில் ஐபிஏ 0.3 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும், டப்பாவில் பார்த்து வாங்கு. அடியை ஈரமாக்கித் தொட்டு எடுத்து, ஒரு தட்டுத் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிடு. அதிகம் அப்பினால் துளிர் அடங்கிவிடும், அடியும் கருகும். முதலில் வேறொரு குச்சியால் மண்ணில் துளை போட்டுக்கொள். நேரே குத்தினால் பொடி மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும்.

அண்ணி: அத்தை, வெட்டிய முகத்தைப் படம் எடுத்திருக்கிறேன், பாருங்கள். (படம்) இது சரியாக இருக்கிறதா?

பெரியம்மா: பெரிதாக்கிப் பார்த்தேன்மா. நடுவில் வெள்ளைக் கட்டை, அதைச் சுற்றி ஈரமாகப் பளபளவென்று ஒரு மெல்லிய வளையம், அதற்கு வெளியே பட்டை. அந்த வளையத்தில்தான் புதுச் செல்கள் பிறக்கும், வேரும் அதை ஒட்டித்தான் கிளம்பும். உன் படத்தில் ஒரு பக்கம் பட்டை நசுங்கிப் பிய்ந்திருக்கிறது. கத்தரி மழுங்கியிருக்கும். நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். கூரான கத்தியால் அந்த முனையை இன்னொரு முறை சீவிவிடு. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள். காகிதப்பூவுக்கு மட்டும் அடியில் ஒரு பக்கம் பட்டையை இரண்டு செ.மீ. நீளத்துக்கு லேசாகச் சீவிவிட்டால் இன்னும் நல்லது.

அண்ணி: சீவிவிட்டேன், இப்போது வழவழவென்று இருக்கிறது. எங்கள் அரளியும் வெட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் இப்படித்தானா?

பெரியம்மா: முறை அதேதான், நன்றாகவே வரும். ஆனால் கையுறை போட்டுக்கொள். அரளியில் இலை, பட்டை, பூ, வேர் எல்லாமே விஷம். பால் கண்ணில் படக்கூடாது. குழந்தை கையில் ஒரு குச்சியும் போகக்கூடாது. வெட்டியதை எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது.

தம்பி: பெரியம்மா, நான் ஏற்கனவே செம்பருத்திக் குச்சிகள் நட்டிருக்கிறேன். அழகாகத் துளிர் விட்டது. வேர் பிடித்துவிட்டது என்று வெயிலில் எடுத்து வைத்தேன். இப்போது இலையெல்லாம் தொங்குகிறது. (படம்)

பெரியம்மா: முதலில் நிழலுக்கு எடுத்து வைடா, அப்புறம் படி.

பெரியம்மா: துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குச்சிக்குள் இருக்கும் மாவுச்சத்தையும் தண்ணீரையும் வைத்தே மொட்டு மலர்ந்துவிடும். அதற்கு வேர் தேவையில்லை. ஆனால் இலை விரிந்ததும் அது தண்ணீரை வெளியே விடத் தொடங்கும். கீழே உறிஞ்ச ஒன்றுமில்லை, மேலே செலவு நடக்கிறது. வெயில் பட்டால் ஒரே நாளில் தொங்கிவிடும். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் குச்சியை இழக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

தம்பி: இப்போது பிழைக்குமா?

பெரியம்மா: நகத்தால் பட்டையை ஓர் இடத்தில் சுரண்டு. உள்ளே பச்சையா, பழுப்பா?

தம்பி: இரண்டில் பச்சை. ஒன்றில் அடியிலிருந்து கறுப்பாக ஏறியிருக்கிறது.

பெரியம்மா: கறுத்தது ஈரம் அதிகமாகி அழுகியது. மேலே பச்சை மூன்று கணு மிச்சமிருந்தால், வெள்ளையான கட்டை தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது மணலில் நடு. மற்ற இரண்டில் பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைத் தொப்பியாகக் கவிழ்த்து வை. தினமும் கொஞ்ச நேரம் எடுத்துக் காற்று காட்டு.

தம்பி: ஒன்று தானாகவே சாய்ந்து கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு புடைப்பு இருக்கிறது. பூஞ்சையா?

பெரியம்மா: இல்லவே இல்லை, சந்தோஷமான செய்தி! வெட்டுக் காயத்தைச் செடி மூடும் திசு அது. காலஸ் என்பார்கள். அதுவே வேர் இல்லை, ஆனால் குச்சி உயிரோடு வேலை செய்கிறது. உரசாமல் அதே துளையில் வைத்து மண்ணை அழுத்து. இனிமேல் வேர் வந்ததா என்று யாரும் இழுத்துப் பார்க்காதீர்கள். புதுவேர் தொட்டால் முறியும். குச்சி நட்டிருக்கும் பையின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது தெரிந்துகொள்ளலாம்.

மாமா: இதற்குத்தான் நான் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். வேர் கண்ணுக்குத் தெரியும்.

பெரியம்மா: வேர் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் வந்த வேர் மென்மையாக, எளிதில் ஒடிவதாக இருக்கும். மண்ணுக்கு மாற்றினால் பாதி அங்கேயே நின்றுவிடும். தேங்கிய தண்ணீரில் காற்றும் குறைவு, முற்றிய குச்சி பெரும்பாலும் அடி கொழகொழத்துப் போகும். மண்ணே நல்லது.

அண்ணன்: மண் எப்படி? தொழுவுரம் நிறையப் போடலாமா?

பெரியம்மா: உரமே வேண்டாம். வேரில்லாத குச்சி உரத்தை வைத்து என்ன செய்யும்? பரு மணல் பாதி, தென்னை நார்த்தூள் பாதி. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்க வேண்டும். குச்சியில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும், மேலே இரண்டு கணு தெரிந்தால் போதும். சுற்றிலும் நன்றாக அழுத்து, இடையில் காற்றுப் பொந்து இருந்தால் அடி காய்ந்துவிடும். வெளிச்சமான நிழலில் வை.

அண்ணி: ரோஜாவும் இப்படி வருமா அத்தை? பெரிய பூ பூக்கும் ஹைப்ரிட் வகை.

பெரியம்மா: பன்னீர் ரோஜா, புதர் வகைகள் நன்றாக வரும். பெரிய பூ ஹைப்ரிட் பலவற்றுக்குச் சொந்த வேரில் வலு குறைவு. அதனால்தான் வேறொரு முரட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் மொட்டு கட்டி விற்கிறார்கள். குச்சி எடுக்கும்போது ஒட்டுக்கு மேலே இருக்கும் கிளையிலிருந்து எடு. கீழிருந்து எடுத்தால் அந்த முரட்டு ரோஜாதான் வளரும்.

நான்: விதை போடுவதைவிட இதில் என்ன லாபம்?

பெரியம்மா: தாய்ச்செடியில் என்ன நிறமோ அதே நிறம் வரும், சீக்கிரமும் பூக்கும். விதையில் எது வருமென்று சொல்ல முடியாது. நான் இத்தனை குச்சி நடுவதே சில பழைய செடிகள் நம் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான்.

அண்ணன்: (படம்) எல்லாம் நட்டாயிற்று. நிறம் எழுதிச் சீட்டு கட்டிவிட்டேன், எல்லாக் குச்சியும் ஒன்றுபோலவே இருக்கிறது. தண்ணீரும் ஊற்றிவிட்டேன். அடுத்து எப்போது ஊற்றுவது?

பெரியம்மா: கிழமை பார்த்து ஊற்றாதே. விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் பட்டால் அன்று விட்டுவிடு. செம்பருத்தி ஒன்றரை, இரண்டு மாதத்தில் பிடிக்கும். காகிதப்பூவை அவசரப்படுத்தாதே. அதன் வேர் ரொம்ப மெல்லியது, மாற்றும்போது செடியைப் பிடித்து இழுக்காமல் பையைப் பிளேடால் கீறி மண்கட்டியோடு இறக்கு.

மாமா: எனக்கு வெள்ளைக் காகிதப்பூவில் ஒரு பை எடுத்து வை.

அண்ணன்: வேர் தெரியட்டும் மாமா, உங்கள் பெயரையும் சீட்டில் எழுதிவிடுகிறேன்.