கன்னடம் கற்க ஆப் ரொம்ப எளிது, பேப்பர் ரொம்பக் கடினம். நடுவில் எதைப் பிடிப்பது?

ஹலசூர்வாசி:
பெங்களூரு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஹலசூரில் ஏரிக்கரை வள்ளுவர் சிலைக்குப் பக்கம் வீடு. காய்கறிக்காரர், பால்கடை, ஹவுஸ் ஓனர் எல்லாரும் தமிழிலேயே பேசிவிடுகிறார்கள், ஆபீசில் இங்கிலீஷ், அதனால் கன்னடம் இல்லாமலே நாள் ஓடுகிறது. போன மாதம் மகளின் பள்ளிக் கூட்டத்தில் மற்ற பெற்றோர் பேசிச் சிரித்தபோது ஒன்றும் புரியாமல் நின்றேன், அது இன்னும் உறுத்துகிறது. மொபைல் ஆப்பில் நீர், மரம், பூனை என்று மூன்று வாரம் போனது, சலித்துவிட்டது. சரி, பெரிதாகவே முயல்வோம் என்று பிரஜாவாணி வாங்கினேன். முதல் பத்திக்கே அரைமணி நேரம், நாலாம் நாள் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. குறள் மாதிரி சின்னதுதானே என்று சர்வஞ்ஞரின் மூன்றடிப் பாட்டை எடுத்தால் அது அதைவிடக் கடினம். எனக்குச் சரியான அளவு எது?

மல்லேஸ்வரம் அக்கா:
தம்பி, பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். தமிழில் ப-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹ ஆகிவிடும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. ஆப் ஒன்றுமே தெரியாதவருக்கு எழுதியது, உங்களுக்குச் சலிக்கத்தான் செய்யும். நமக்குக் கஷ்டம் எழுத்தில். நம் ஒரே க-வுக்கு அங்கே நாலு, போதாததற்கு ஒத்தக்ஷரம், அதாவது இரண்டு மெய் சேர்ந்து வந்தால் இரண்டாவது சின்னதாகக் கீழே ஒட்டிக்கொள்ளும். பேப்பரில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, செய்தியும் புதிது, மூன்றையும் ஒன்றாகத் தூக்கினால் யாருக்கும் முடியாது. பி.எம்.டி.சி. பஸ் போர்டில் தொடங்குங்கள். சிவாஜிநகர், ஜெயநகர் எல்லாம் தெரிந்த பெயர், எழுத்து மட்டும்தான் புதிது. எனக்கு அப்படித்தான் வந்தது.

யஷ்வந்த்பூர் ரவி:
அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இவருக்கு வேண்டியது பேச்சு, எழுத்து அப்புறம் வரட்டும். ஆட்டோவில் எடக்கே, பலக்கே, நேர என்று வழி சொல்லிப் பழகுங்கள். இடம், வலம் நம் சொல்தான், வ அங்கே 'பஸ்'ஸில் வரும் ப ஆகிறது, அவ்வளவே. பூக்காரம்மா தமிழுக்கு மாறினால், பூ வாங்கி முடிக்கும்வரை கன்னடத்திலேயே பேசச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகப் பேசுவார்கள். 'ஸ்வல்ப நிதானவாகி மாதாடி', கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். புரியாத வேகத்தைப் புரிகிற வேகத்துக்கு நீங்களே இறக்கிக்கொள்ளலாம்.

டீச்சர்_ஆர்டிநகர்:
இருபது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். வைகாட்ஸ்கி (1896–1934) என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னதை வகுப்பில் தினமும் பார்த்திருக்கிறேன்: தனியாகச் செய்ய முடியாது, தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் முடியும், அந்த இடத்தில்தான் பிள்ளை வளர்கிறது. உங்கள் வீட்டில் தெரிந்தவர் இருக்கிறாரே! மகளின் கன்னடப் பாடப்புத்தகத்தை எடுங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் நாலைந்து என்றால் அதுதான் உங்கள் புத்தகம். பதினைந்து வந்தால் கீழ் வகுப்புப் புத்தகத்துக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றுமே வராவிட்டால் மேலே ஏறுங்கள். என் கணக்கு இது, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

ஹலசூர்வாசி:
நேற்று மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பதினொன்று வந்தது, இரண்டாம் வகுப்புக்கு இறங்கினேன், ஐந்து. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினாள், தூக்கம் வந்தும் எழுந்திருக்கவில்லை. அக்கா, 'ஹள்ளி'யில் கீழே ஒட்டியிருப்பது ள-வின் ஒத்தக்ஷரம்தானே? பஸ் போர்டில் அதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.