போதகர் தந்த கடிதத்தைக் கொடுக்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி (புதிதாய் வந்தவன், உப்புவெளி):
மட்டக்களப்பிலிருந்து வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து ஒரு மாதமாகிறது. புறப்படும்போது எங்கள் போதகர், என்னைச் சபையில் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு கடிதம் எழுதித் தந்தார். நான்கு ஞாயிறுகளாக அது வேதாகமத்துக்குள் மடிந்தே கிடக்கிறது. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் புன்னகையோடு கைகொடுக்கிறார்கள். பிறகு அவரவர் மோட்டார் சைக்கிளில் போய்விடுகிறார்கள். கடிதத்தை நீட்டினால் நற்சான்றிதழ் காட்டி இடம் கேட்பதுபோல ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது. எங்களுக்கு உபசார நிருபங்கள், அதாவது பரிந்துரைக் கடிதங்கள், வேண்டுமோ என்று பவுலே கொரிந்தியரிடம் கேட்டிருக்கிறாரே?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
தம்பி, பவுல் அப்படிக் கேட்டது தாமே நட்டு வளர்த்த சபையிடம். தகப்பன் பிள்ளைகளின் வீட்டுக்கு அறிமுகக் கடிதம் கொண்டுபோவதில்லை. தாம் அதுவரை போயிராத ரோமாபுரிக்கு எழுதும்போதோ, 16ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை ஏற்றுக்கொண்டு, அவளுக்கு எந்தக் காரியத்தில் உதவி தேவையோ அதில் உதவும்படி அவரே வேண்டிக்கொள்கிறார். அந்தச் சில வரிகள் பெபேயாளைவிட ரோமாபுரியாருக்குத்தான் வேலை வைத்தன. பழைய மொழிபெயர்ப்பில் 'உபசாரம்' என்ற சொல் விழுந்ததும் எனக்குப் பிடிக்கும். நம்மிடையே உபசாரம் என்றால் வந்தவருக்குக் கதிரை போட்டுத் தேநீர் கொடுப்பதுதானே. நீங்கள் கடிதத்தை ஒளித்து வைத்தால், சபை செய்யவேண்டியதை அது அறியாமலே போகும்.

பதில் (மூதூர்ப் பிள்ளை):
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் கடிதம் வரட்டும் என்று காத்திருக்கும் சபையைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்துபோன பிறகு எங்கள் ஆலய மண்டபத்தில் ஒதுங்கியவர்கள் பலரிடம் ஞானஸ்நானச் சான்றிதழ்கூட இருக்கவில்லை. அம்மா முதலில் உலர்ந்த சேலையை நீட்டினார். பெயரைப் பிறகுதான் கேட்டார். எருசலேமில் சீஷர்கள், முன்பு சபையைத் துன்புறுத்தியவரும் பின்னாளில் பவுல் எனப்பட்டவருமான சவுலுக்குப் பயந்து ஒதுங்கியபோதும், பர்னபா தாமே அவரை அழைத்துப்போய், அவருக்காகப் பேசினார். அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்காவிட்டால், எவ்வளவு நல்ல கடிதமும் அலுவலகக் கோவைக்குள் போய்விடும்.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
உண்மைதான், பிள்ளை. கி.பி. 451இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் திருச்சபைச் சங்கம்கூட, பயணம் போகும் ஏழைகளுக்குச் சமாதானக் கடிதம் போதும், உபசாரக் கடிதம் வேறு என்று பிரித்து விதித்தது. மனிதரைத் தரம் பிரிக்கும் ஆபத்து கடிதத்தோடு கூடவே வந்ததுதான். ஆனால் ஊருக்கு ஊர் நடமாடிய ஏமாற்றுக்காரரையும் சபைகள் கவனிக்கவேண்டியிருந்ததே. தம்பி, கடிதத்தைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே வெளிக்கிடாமல் சற்று நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்றுக் கொடுத்தேன். சபைச் செயலாளர் வாசலிலேயே நின்று வாசித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அவருடைய மகன் வந்து கூட்டிப்போவாராம். என் வாடகை அறைக்கு வழி சொல்லத்தான் எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.