“நாய் உங்களுதாம்மா?” – ஸ்டேஷன் வரை போனவர்களின் அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

எங்கள் தெரு நாய் வெள்ளச்சி போன வருஷம் ஆடி மாதத்தில் நாலு குட்டி போட்டு, எதிர் வீட்டுக்காரர் காருக்கு அடியில் வைத்திருந்தது. காரை எடுக்க வந்தவரைப் பார்த்துக் குரைத்திருக்கிறது. அவர் வீட்டுக்குள் போய் இரும்புக் குழாயோடு வந்து முன்னங்காலில் ஒரே போடு. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், சத்தம் அங்கே வரை கேட்டது.

ஸ்டேஷனில் ஏட்டையா கேட்ட முதல் கேள்வி, “நாய் உங்களுதாம்மா?”

“இல்ல சார், தெரு நாய்.”

“அப்ப ஓனரைக் கூட்டிட்டு வாங்க.”

வாட்ஸ்அப்பில் வந்திருந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11 என்பதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “முதல் தடவைன்னா பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் ஃபைன். அதுக்கும் நாங்க நேரா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும்” என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் மனுஷன் சொன்னது சரி. அடித்தாலும், பட்டினி போட்டாலும், தாங்காத சுமை ஏற்றினாலும் அதே ஐம்பதுதான். மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அறுபது வருஷத்துக்கு மேலாக அதே தொகை. எங்கள் தெருமுனைக் கடையில் நாலு டீக்குக் காணாது.

கைகொடுத்தது பக்கத்துத் தெரு வக்கீல் அக்கா. “பாரதிய நியாய சன்ஹிதா 325 போடச் சொல்லு. காலை ஊனமாக்கியிருக்கான். அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, போலீஸே வழக்குப் போடலாம்” என்றார். இதற்கு முன்னால் இருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில் 428, 429 என்று இரண்டு பிரிவுகள். பத்து ரூபாய் பெறுமான மிருகம், ஐம்பது ரூபாய் பெறுமான மிருகம் என்று பிரித்திருந்தார்கள். தெரு நாய்க்கு என்ன விலை போடுவது என்று அதிலேயே இழுத்தடிப்பார்களாம். 2024 ஜூலை 1-இல் புதுச் சட்டம் வந்ததிலிருந்து அந்த விலைக் கணக்கு இல்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த தாள், எக்ஸ்ரே, மூன்றாவது வீட்டுப் பையன் எடுத்த பதினோரு விநாடி வீடியோ, இதையெல்லாம் வைத்துக்கொண்டு மறுபடி ஸ்டேஷன். அன்றைக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, கிடைத்தது. இன்னும் நாலு நடை நடந்த பிறகு எஃப்.ஐ.ஆர். எதிர் வீட்டுக்காரர் அன்று மாலையே ஜாமீனில் வந்துவிட்டார், அது வேறு.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

உடுமலையிலிருந்து:

அக்கா, நான் மறுபக்கத்து ஆள். பொள்ளாச்சிச் சந்தையில் எட்டு வருஷம் கேரளா லாரிகளுக்கு மாடு ஏற்றியிருக்கிறேன். விதிப்படி ஒரு லாரிக்கு ஆறு மாடுதான், ‘பயணத்துக்குத் தகுதி’ என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். 2016-லிருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு சதுர மீட்டர் இடம் விட்டுத் தடுப்பும் வைக்க வேண்டும். நாங்கள் இருபது, இருபத்திரண்டு ஏற்றுவோம். கொம்போடு கொம்பு உரச நிற்கும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது மிதிக்கும் என்று, பச்சை மிளகாயைக் கசக்கிக் கண்ணில் தேய்த்து எழுப்புவோம். அதற்கும் எழாவிட்டால் வாலை மடக்கி ஒடிப்பது. நானே செய்திருக்கிறேன். மிளகாய் தேய்த்த கையை மறந்துபோய் என் கண்ணில் வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் துடித்ததும் உண்டு. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒரு தடவை செக்போஸ்ட்டில் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். முதலாளி, “போடு ஐம்பது ரூபா, போலாம்” என்று சிரித்தார். ஆனால் மாடுகளை இறக்கி ஒரு கோசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு முடியும்வரை தீனி, வைத்தியச் செலவை மாட்டுக்காரர்தான் கட்ட வேண்டும் என்று 2017-இல் விதி வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று கணக்குச் சீட்டு வந்தபோதுதான் அவர் முகம் செத்தது. அதற்கப்புறம் எங்கள் லாரியில் பத்துக்கு மேல் ஏற்றவில்லை. ஆறுக்கு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிருகவதை என்று சொல்லி ரோட்டில் லாரியை மறித்து, காசு வாங்கிக்கொண்டு அதே மாடுகளை அப்படியே விடுகிற கும்பலும் இருக்கிறது. அவர்களையும் அந்த இருபத்திரண்டு மாடுகளும் பார்த்துக்கொண்டுதான் நின்றன.

கரூர் பக்கத்திலிருந்து:

எங்கள் அப்பா மாட்டு வண்டியில் ஆற்று மணல் ஓட்டியவர். தார்க்குச்சி இல்லாமல் வண்டி ஏற மாட்டார். ஆணி வைத்த குச்சியால் குத்தக் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1965-லேயே விதி இருக்கிறது என்பது நான் காலேஜ் போன பிறகுதான் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். “சித்திரையில கரூர்ல எப்படா முப்பத்தேழுக்குக் கீழ இருந்துச்சு?” என்றார்.

பிறகு ஒரு நாள் மணல் கேஸில் வண்டியைப் பிடித்தார்கள். மாடு இரண்டும் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில். நிழல் காலையில் மட்டும்தான். மறுநாள் மதியம் நான் வைக்கோல் கட்டோடு போனபோது நுரை தள்ளிக்கொண்டு நின்றன. முதல் நாள் சாயங்காலம் வைத்த தண்ணீரோடு சரியாம். அப்பா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினார். ஒவ்வொன்றும் நாலு குடம் குடித்தது. இதற்கு எந்தப் பிரிவு என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மீண்டும் தாம்பரம்:

உடுமலைத் தம்பி, இவ்வளவு வெளிப்படையாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கரூர்க்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

தனியே கேட்ட இரண்டு பேருக்கு: அடிபட்ட மிருகத்துக்கு வண்டி வேண்டுமென்றால் 1962-க்குப் போன் போடுங்கள். மிருகவதைச் சட்டத்தில் வழக்குப் போட மூன்று மாதம்தான் கெடு, ‘பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கு மூன்று வாய்தா ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எதிர் வீட்டுக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, கோர்ட் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காரை இப்போது தெருக்கோடியில் நிறுத்துகிறார். வெள்ளச்சி மூன்று காலில் அங்கேயும் போய், அதற்கு அடியில்தான் படுக்கிறது.