கொல்லையில் பறவைகளுக்குத் தண்ணீர்த் தட்டு, தீனித்தட்டு: எதை வாங்கலாம், எப்படிப் பராமரிப்பது?

முருங்கைமரத்து வீடு (திருச்சி):
வணக்கம். தனி வீடு, பின்னால் சின்னக் கொல்லை. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மதிலோரம் செம்பருத்தி. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும், கொண்டைக்குருவி ஜோடி ஒன்று இங்கேயே குடியிருக்கிறது, மைனா, தேன்சிட்டு, அணில் எல்லாம் உண்டு. சிட்டுக்குருவி மட்டும் எப்போதாவதுதான். கத்திரி வெயில் வருவதற்குள் தண்ணீரும் தீனியும் வைத்துவிட நினைக்கிறேன். நர்சரியில் தாமரைப்பூ மாதிரி சிமெண்ட் தொட்டி, காலோடு சேர்த்து விற்கிறார்கள், நல்ல ஆழம், பார்க்கவும் அழகு. ஆன்லைனில் தொங்கவிடும் பிளாஸ்டிக் தீனிப்பெட்டி கிடைக்கிறது. இரண்டையும் வாங்கலாமா, இல்லை மண்சட்டியே போதுமா? கொசு வரும் என்று பக்கத்து வீட்டு அம்மா இப்போதே சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான், எங்கள் தெருவில் டெங்கு வந்திருக்கிறது. போதாததற்கு மதிலில் எந்நேரமும் பூனை நடமாட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிச்சான் (மதுரை):
நல்ல ஆழம் என்று சொன்னீர்களே, அதுதான் வேண்டாம். கொண்டைக்குருவி அளவு பறவைக்கு நடுவில் 2 அங்குலத் தண்ணீரே அதிகம், ஓரத்தில் அரை அங்குலம் இருந்தால் போதும். ஓரத்தில் நின்று கொஞ்சம் குடித்துப் பார்த்து, கால் எட்டுகிறது என்று தெரிந்தால்தான் உள்ளே இறங்கும். செங்குத்தாக இறங்கும் தொட்டியில் காகமும் மைனாவும் குடிக்கும், சின்னக் குருவி கிட்டேயே வராது, அணில்குட்டி விழுந்தால் ஏறவும் முடியாது.

என்னைக் கேட்டால் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண் தட்டு ஒன்று வாங்குங்கள். உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும், மெருகு போட்டது வேண்டாம், வழுக்கும். நடுவில் ஒரு தட்டைக் கல்லைத் தண்ணீருக்கு மேல் முதுகு தெரிகிற மாதிரி வையுங்கள். மண் தட்டில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே சூடேறாது. எவர்சில்வர், அலுமினியம் எல்லாம் நம் ஊர் வெயிலுக்குக் காய்ந்துவிடும். சிமெண்ட் தொட்டிதான் பிடித்திருக்கிறது என்றால் ஆழம் குறைந்ததாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் ஊற்றி நாலைந்து நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றிக்கொண்டே இருங்கள். புது சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் போன பிறகு பறவைகளுக்கு வையுங்கள். மீன் வளர்ப்பவர்கள் தொட்டி கட்டினாலும் இதைத்தான் செய்வார்கள்.

பூனைக்கு ஒரே வழி இடம்தான். செம்பருத்திப் புதருக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை அதற்குள் பதுங்கிவிடும். நனைந்த சிறகோடு பறவையால் சட்டென்று எழும்ப முடியாது. புதரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இடுப்பு உயரத்துக்கு மேல், ஆனால் தலைக்கு மேலே கொய்யாக் கிளை இருக்கிற மாதிரி வையுங்கள். மதியம் நிழலும் கிடைக்கும், வல்லூறு வந்தால் பறந்து ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்கும்.

நாகலட்சுமி (ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்):
கொசுவைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி சின்ன, சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தினமும் தண்ணீர் மாற்றினால் கொசு வராது, அது உண்மை. ஆனால் பலரும் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் போடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கறுப்பாக, பொடிப்பொடியாக இருக்கும், அழுக்கு என்று நினைத்துவிடுவீர்கள். தட்டு காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த முறை தண்ணீர் ஊற்றியதும் பொரிக்கும். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்விளிம்பைச் சுற்றித் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பாசியும் அதிலேயே போய்விடும்.

சோப்புத்தூள் வேண்டாம், இறகில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். அப்புறம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இதைச் சொல்லி, தேய்ப்பதைக் காட்டுங்கள், சண்டையே வராது.

பனிமலர் (லெஸ்டர், இங்கிலாந்து):
தீனித்தட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு தீனி தொங்கும். கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவி எல்லாத் தோட்டத்திலும் இருந்த பறவை. 2006 வாக்கில் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பெரிதாகப் பரவி அதன் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது, 2021-ல் சிவப்புப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். தொண்டை வீங்கி விழுங்க முடியாமல் தீனியைக் கக்கும், அதே தட்டில் அடுத்த பறவை கொத்தும், பரவல் அப்படித்தான். நம் ஊர்ப் புறாக்களுக்கும் இந்த நோய் உண்டு. இந்தக் கிருமி ஈரத்தில்தான் பிழைக்கும், நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். அந்த விஷயத்தில் திருச்சி வெயில் உங்களுக்குப் பெரிய வரம். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு ஒன்றைக் கழுவி வெயிலில் காயவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள்.

தீனியை ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள், மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுங்கள். ராத்திரி கீழே சிதறிக் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் தூங்கி வழியும் பறவையைப் பார்த்தால் தீனி, தண்ணீர் இரண்டையும் ஓரிரு வாரம் நிறுத்திவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் கூட்டம் சேரவிடுவதுதான் அவற்றுக்கு ஆபத்து.

முருங்கைமரத்து வீடு:
எல்லோருக்கும் நன்றி. மண் தட்டு இரண்டு வாங்கிவிடுகிறேன். தீனி என்ன வைப்பது? வீட்டில் மீந்த சோறு, மிக்சர் எல்லாம் போடலாமா? சிட்டுக்குருவி வருமா? தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொல்கிறார்கள்.

கரிச்சான்:
மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட எதுவும் கூடாது. சோறு வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், வைத்தால் கொஞ்சமாக வைத்து உடனே எடுத்துவிடுங்கள். கம்பு, தினை, அரிசி நொய் நல்லது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைக் கழிவுதானே என்று பறவைக்குப் போடாதீர்கள், அந்த நஞ்சு அவற்றின் ஈரலைக் கெடுக்கும்.

ஆனால் அள்ளி இறைத்தால் மாடப்புறாதான் வந்து குவியும், அப்புறம் சின்னப் பறவைக்கு இடமே இருக்காது. சிட்டுக்குருவிக்கு, கிராமத்தில் திண்ணை மேல் கட்டுவார்களே, நெற்கதிர்க் கொத்து, அதையே கட்டுங்கள். தொங்கிக்கொண்டு கொத்த அதற்குத் தெரியும், புறாவால் முடியாது. குஞ்சு பொரித்த சமயத்தில் குருவிக்குப் புழு பூச்சிதான் தேவை, தானியம் அல்ல, அதனால் முருங்கைக்கு மருந்து அடிக்காமல் இருப்பதே பெரிய உதவி. ஒரு மூலையில் காய்ந்த மண்ணைப் பொடியாக்கி விட்டால் அதில் புரண்டு குளிக்கும்.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அரை நாளில் நுரைத்துப் புளித்துவிடும், எறும்பு மொய்க்கும். உங்களிடம்தான் செம்பருத்தி இருக்கிறதே, பக்கத்தில் இட்லிப்பூச் செடி ஒன்று வையுங்கள். காலையில் ஹோஸ் பிடிக்கும்போது செம்பருத்தி இலைகள் நனைகிற மாதிரி தெளியுங்கள். தேன்சிட்டு தட்டில் அவ்வளவாக இறங்காது, ஈர இலையில் நெஞ்சை வைத்துச் சறுக்கி, இறக்கையை அடித்துக்கொண்டு குளிக்கும். தட்டு வைத்த முதல் வாரம் ஒரு பறவையும் வரவில்லை என்றால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தவிட்டுக்குருவிகள் முதலில் கண்டுபிடிக்கும், அவை போடும் சத்தத்திலேயே மற்றவை வந்துவிடும்.