புதுப்பிப்பு: விடுமுறையில் அடுத்த தவணைக் கணிதம்

ஏப்ரல் விடுமுறையில் தினம் 4 மணித்தியாலம் இருந்தால் தரம் 10, 11 பிள்ளைகள் அடுத்த தவணைக் கணிதத்தைத் தொட்டுவிடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் இரண்டு திருத்தம்.

முதலாவது நேரம். ஒரே இருப்பில் 4 மணித்தியாலம் ஓடாது. பெரியவர்கள் காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க) போனதும் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) அடங்கிவிடும். அந்த ஒன்றரை மணித்தியாலம் கணிதத்துக்கு மட்டும். பின்னேரம் மழையோடு கரண்டும் போகும், இரவை நம்பித் திட்டம் போடாதீங்க.

இரண்டாவதுதான் பெரிய பிழை: பழைய ஓட்டையை அடைக்காமல் புதுப் பாடம் தொடங்குவது. முதல் 3 நாள் போன தவணை வினாத்தாளில் புள்ளி போன கணக்குகளை மட்டும், விடையைப் பார்க்காமல் திரும்பச் செய்யணும். உதாரணத்துக்கு, 20 சதவீதக் கழிவு போக விலை 800 ரூபாய், குறித்த விலை என்ன? பலர் 800இன் 20 சதவீதத்தைக் கூட்டி 960 என்பார்கள். கழிவு குறித்த விலையில்தான். 80 சதவீதம் 800 என்றால் விடை 1000. இப்படித் தடுக்கிய இடத்தை ஒரு கொப்பியில் ஒரே வரியில் எழுதி வைக்கணும். முழுக் கணக்கையும் பிரதி பண்ணினால் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

தரம் 11 பிள்ளைகள் கிழமைக்கு ஒரு சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள் செய்யணும், கடிகாரம் வைத்து: பகுதி 1க்கு 2 மணித்தியாலம், பகுதி 2க்கு 3, வேறு வேறு நாளில்.

பாடநூல் கைக்கு வரவில்லையா? கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசம். டவுனுக்குப் போகும்போதே இறக்கிக்கொள்ளுங்கள், தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது அரிது.