ட்ரபிள் ஃபங்க்: ஸ்டுடியோ ஆல்பமா, லைவ் பதிவா, எதைக் கேட்டுப் பழகுவது?

வடபழனி பேஸ்:
வணக்கம். நண்பர்கள் சேர்ந்து ஒரு ஃபங்க் பேண்ட் வைத்திருக்கிறோம், அடுத்த மாதம் கோடம்பாக்கத்தில் இரண்டு பாட்டு ரெக்கார்டிங் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டிசியில் பிறந்த ஃபங்க் வகையான கோ-கோவின் தாளம். அதற்காக அந்த ஊர் பேண்டான ட்ரபிள் ஃபங்கின் 'டிராப் தி பாம்' (1982) ஆல்பத்தைத்தான் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேஸ் கிட்டாரும் சின்தசைசரும் பிரமாதம். ஆனால் இதே ஆட்கள் மேடையில் வாசித்ததைக் கேட்டால் உட்காரவே முடியவில்லை, ஸ்டுடியோ பதிவில் பாட்டு முடிந்ததும் பொசுக்கென்று போய்விடுகிறது. எங்கே இடிக்கிறது? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

காங்கா கை:
தம்பி, பாட்டு முடிகிறதே, அங்கேதான் இடிக்கிறது. கோ-கோவில் தாளம் நிற்கவே கூடாது. எழுபதுகளில் கிளப்புகளில் டிஜேக்கள் இடைவெளி விடாமல் டிஸ்கோ போட்டுக்கொண்டிருந்த காலம், மேடையில் வாசிக்கிற பேண்ட் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தினால் ஆடுகிற கூட்டம் கலைந்துவிடும். கோ-கோவின் தந்தை என்று சொல்லப்படும் சக் பிரவுன் என்ன செய்தார் என்றால், ஒரு பாட்டு முடிந்ததும் டிரம்ஸையும் காங்காவையும் (கையால் அடிக்கிற உயரமான மேளம்) அப்படியே ஓடவிட்டு, அதன் மேலேயே கூட்டத்தோடு பேசினார், அவர் ஒன்று சொல்ல அவர்கள் திருப்பிக் கத்த, அடுத்த பாட்டு எப்போது தொடங்கியது என்றே தெரியாது. அந்த அடிக்கு விதை சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'மிஸ்டர் மேஜிக்'. அதை டிரம்ஸில் உருட்டித் திரட்டியவர் ரிக்கி வெல்மேன், அப்புறம் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸே அவரைத் தன் பேண்டுக்கு அழைத்துக்கொண்டார். உங்கள் டிரம்மரிடம் சொல்லுங்கள்: வேகம் வேண்டாம், கை கொஞ்சம் ஊஞ்சலாட வேண்டும், விடுகிற இடத்தைக் காங்காவும் கௌபெல்லும் (குச்சியால் தட்டுகிற உலோக மணி) நிரப்பட்டும்.

ரெக்கார்டு பெட்டி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதை வைத்து ஸ்டுடியோ ஆல்பத்தைத் தள்ளிவிடாதீர்கள். சக் பிரவுனின் 'பஸ்டின் லூஸ்' ஸ்டுடியோவில் பதிவானதுதான், 1979-இல் அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாடல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 'டிராப் தி பாம்' ஆல்பத்தில் உள்ள 'பம்ப் மீ அப்'பை ஹிப்-ஹாப்காரர்கள் எத்தனை பேர் வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுகளில் சாம்பிளாகப் போட்டார்கள்! ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் துல்லியமாகக் கேட்பதால்தான் அது முடிந்தது. நீங்கள் உடனே கேட்க வேண்டியது 1983-இல் வந்த 'இன் டைம்ஸ் ஆஃப் ட்ரபிள்', இரட்டை ஆல்பம், ஒரு தட்டில் ஸ்டுடியோ, இன்னொன்றில் லைவ். அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் காதிலேயே விழும். 1987-இல் ஐலண்ட் கம்பெனிக்காகப் பெரிய செலவில் ஒன்று செய்தார்கள், ஃபங்க் பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் எல்லாம் கை வைத்தது. எனக்கு அதில் மினுக்கு அதிகம், கூட்டத்தின் சூடு குறைவு.

வியாசர்பாடி தாளம்:
நம்ம ஊர் கானா கேட்டு வளர்ந்தவனுக்கு இது உடனே புரியும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடும்போது பாடகர் எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லி இழுப்பார், அவர் பதில் கொடுப்பார், அதற்கேற்றபடி வரி நீளும். அதே பாட்டு நாலு நிமிடமாக ரெக்கார்டில் வரும்போது அந்தப் பேச்சு போய்விடுகிறது. டிசியிலும் ரசிகர்கள் கேசட்டில் நிகழ்ச்சிப் பதிவுகளைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். என் யோசனை: இரண்டு பாட்டையும் தனித்தனியாக எடுக்காதீர்கள், ஒரே மூச்சில் வாசியுங்கள், நடுவில் தாளம் மட்டும் ஓடட்டும், தெரிந்தவர்கள் பத்துப் பேரைக் கூட்டிப்போய் பதில் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

வடபழனி பேஸ்:
ரொம்ப நன்றி, ஒரே மூச்சில் வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் ரூம் சின்னது, எல்லாரும் ஒன்றாக வாசித்தால் சத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

காங்கா கை:
கலக்கும், கொஞ்சம் கலக்கட்டும். பேஸை மட்டும் மைக் வைக்காமல் நேராக லைனில் கொடுங்கள், காங்காவை டிரம்ஸ் பக்கத்திலேயே வையுங்கள், இரண்டு பேரும் முகம் பார்த்து வாசிக்க வேண்டும். கௌபெல்லை மைக்கிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மிக்ஸிங்கில் வேறு எதுவும் கேட்காது. பதில் குரலைத் தனியாகப் பிறகு சேர்க்க வேண்டாம், அந்த நேரத்திலேயே எடுத்துவிடுங்கள்.